நடுவில் ஒரு மங்கல்

எங்கே விழுந்தது என்று யாராவது சொல்வார்கள் என்று இன்பநாதன் காத்திருந்தார். மட்டை பந்தில் பட்ட சத்தம் நன்றாகத்தான் இருந்தது, விரலைச் சொடுக்கினாற்போல ஒரு சுத்தமான சத்தம், மணிக்கட்டு வரைக்கும் ஒரு சிலிர்ப்பு. இருபத்திரண்டு வருஷமாகக் கேட்கிற சத்தம். முன்னெல்லாம் அதற்குப் பிறகு ஒரு வெள்ளைப் புள்ளி ஏறும், உச்சியில் ஒரு கணம் தயங்கும், அப்புறம் இறங்கும். இப்போது சத்தத்துக்குப் பிறகு வானம் மட்டும்தான். கோயம்புத்தூருக்கு வெளியே, கோல்ஃப் மைதானத்தில், காலை ஆறே முக்கால் மணிக்கு, கழுவிக் கவிழ்த்த எவர்சில்வர் தட்டு மாதிரி ஒரு வானம். பந்து அதற்குள்தான் போயிருக்க வேண்டும். மட்டையைத் தோளுக்குப் பின்னால் அப்படியே நிறுத்தி, பந்தைப் பார்க்கிறவன் எப்படி முகத்தைத் தூக்கி நிற்பானோ அப்படி நின்றார். எவ்வளவு நேரம் நிற்க வேண்டும்? நாலு எண்ண வேண்டும். நாலுக்கு மேல் எண்ணினால் சந்தேகம் வரும். ஒன்று, ரெண்டு, மூணு. "அடேயப்பா! ஏனுங்க டாக்டர், இந்த வயசுல இந்த அடியா!" என்றார் சென்னியப்பன். "நேராப் போயி அந்த வேப்பமரத்துக்கு இக்கட்டால கெடக்குதுங்க." வேப்பமரம். இக்கட்டால, அதாவது இந்தப் பக்கம். இன்பநாதன் அந்த இரண்டு சொல்லையும் பத்திரப்படுத்திக்கொண்டார். "கொஞ்சம் வலது பக்கம் சாய்ஞ்சிருச்சு" என்றார், பார்த்தவரைப் போல. "இல்லைங்களே, நேராத்தானுங்க போச்சு" என்றார் சென்னியப்பன். வாயைத் திறந்திருக்கக் கூடாது.

வழக்கமாக மருதாசலம் இருப்பான். பையைச் சுமக்க, மட்டையை எடுத்துக் கொடுக்க என்று வந்தவன், ஏழெட்டு மாதமாக யாரும் சொல்லாமலே இன்னொரு வேலையும் பார்த்து வந்தான். "நூத்தி அறுபது கெஜம், இடது பக்கம் மணல் இருக்குதுங்க", "கொடி நடுவுல இருக்குதுங்க", "பந்து இங்கதாங்க, காலுக்குக் கீழ." ஒருநாளும் ஏன் என்று கேட்டதில்லை. இன்றைக்கு முகூர்த்த நாள், தம்பிக்குப் பொள்ளாச்சியில் கல்யாணம் என்று வெள்ளிக்கிழமையே சொல்லிவிட்டான். பை சுமக்கிற ஆட்கள் பாதிப் பேர் ஏதோ ஒரு கல்யாணத்தில் இருந்தார்கள். கவுண்டரில் இருந்தவர், "டாக்டர், இன்னைக்குப் பைக்குத் தள்ளுவண்டிதான். தனியா ஆட விட மாட்டாங்க, கூட்டம். இவங்க ரெண்டு பேர் இருக்காங்க, சேர்ந்துக்கறீங்களா?" என்றார். அப்போதே திரும்பியிருக்கலாம். வயிறு சரியில்லை என்று சொன்னால் யார் வேண்டாம் என்றிருப்பார்கள்? ஆனால் வந்த டாக்ஸி போய்விட்டது. வீட்டுக்கு ஏழு மணிக்குத் திரும்பினால் மனைவி ரெஜினா கதவைத் திறந்து முகத்தைப் பார்ப்பாள். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட அவர் ஏழு மணிக்குத் திரும்பியதில்லை. அவள் கேள்வி கேட்க மாட்டாள், பார்ப்பாள், அவ்வளவுதான். காரை ஏன் எடுப்பதில்லை என்றபோது முதுகுவலி என்று சொன்னதையும் அப்படித்தான் பார்த்தாள். அவள் பார்ப்பதைத் தாங்குவதைவிட முன்பின் தெரியாத இரண்டு பேரோடு நடப்பது எளிது. தெரியாதவர்களுக்கு நேற்றைய இன்பநாதனைத் தெரியாது.

சென்னியப்பன் சிட்கோ தொழிற்பேட்டையில் பம்புசெட் வார்ப்புப் பட்டறை வைத்திருப்பவர், ஐம்பது வயசு இருக்கும், சட்டை நிறம் கண்ணைக் கூச வைத்தது. மற்றவர் ஹபீப் ரஹ்மான், ஆம்பூரிலிருந்து தோல் வியாபார விஷயமாக வந்தவர், சென்னியப்பனுக்கே நேற்றுத்தான் பழக்கமாம். ஒல்லியாக, உயரமாக, அதிகம் பேசாமல் நடந்தார். நடக்கும்போது சென்னியப்பன் கேட்டார், "டாக்டருன்னா எதுக்குங்க டாக்டரு?" "எக்ஸ்ரே, ஸ்கேன் பார்த்து ரிப்போர்ட் எழுதறவன்." "அட, அப்பக் கண்ணுதான் முதலீடுன்னு சொல்லுங்க!" என்று சிரித்தார். இன்பநாதனும் சிரித்தார். கொஞ்சம் சத்தமாகவே சிரித்துவிட்டோமோ என்று தோன்றியது. ஹபீப் சிரித்தாரா என்று தெரியவில்லை. அவர் நேர் எதிரே இருந்தார், நேர் எதிரே இருக்கிறவர்களுக்கு முகம் கிடையாது.

அப்படித்தான் பிப்ரவரியில் ஆரம்பித்தது. பல் தேய்க்கும்போது கண்ணாடியில் மூக்கு இல்லை. காது இருந்தது, தலைமுடி இருந்தது, நடுவில் யாரோ ஈரக் கட்டைவிரலை வைத்துத் தேய்த்தாற்போல ஒரு மங்கல். கண்ணாடியைத் துடைத்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். அப்புறம் ஒன்றையும் துடைக்காமல் நின்றார், என்ன என்று தெரிந்துவிட்டது. டாக்டராக இருப்பதில் உள்ள கஷ்டம் அது, மற்றவர்களுக்குக் கிடைக்கிற இரண்டு மூன்று நாள் நம்பிக்கைகூட இல்லை. கோயம்புத்தூரில் காட்டினால் சாயந்திரத்துக்குள் எல்லா ஆஸ்பத்திரிக்கும் தெரிந்துவிடும் என்று திருச்சிக்குப் போனார். ரெஜினாவிடம் கான்ஃபரன்ஸ் என்றார். அங்கே சீட்டில் ஐ. நாதன், பள்ளிக்கூட வாத்தியார் என்று எழுதிக் கொடுத்தார். தன் மகள் வயசிருக்கும் அந்தக் கண் டாக்டர் பெண், "நடுப்பார்வைதான் சார் போகும், ஓரப்பார்வை இருக்கும், முழுக்க இருட்டாயிடாது" என்று ஆறுதலாகச் சொன்னது. வலது கண்ணுக்குள் ஊசி போட்டார்கள். இடது கண்ணும் அதே வழியில்தான் போகிறது, மெதுவாக. "நுணுக்கமாப் பார்க்கிற வேலை ஏதாவது செய்யறீங்களா சார்?" என்று அது கேட்டது. "ரிட்டயர் ஆயிட்டேன்மா" என்றார். பொய் சொல்லும்போது அதன் முகம் தெரியாதது நல்லதாகப் போயிற்று. திரும்பி வரும் ரயிலில்தான் கண்டுபிடித்தார்: ஒன்றைப் பார்க்க வேண்டுமென்றால் அதைப் பார்க்கக் கூடாது, பக்கத்தில் எதையாவது பார்க்க வேண்டும். எதிர் சீட்டுக்காரரின் முகம் வேண்டுமென்றால் ஜன்னலைப் பார்க்க வேண்டும். அப்போது ஓரத்தில் முகம் வந்து நிற்கும், திரும்பினால் போய்விடும். சமாளித்துவிடலாம் என்று நினைத்தார். கம்ப்யூட்டர் திரையில் படத்தைப் பெரிதாக்கலாம், இன்னும் பெரிதாக்கலாம், சுற்றிச் சுற்றிப் பார்க்கலாம். முப்பத்திமூன்று வருஷ அனுபவம் கண்ணில் மட்டுமா இருக்கிறது?

வேப்பமரத்துக்கு இக்கட்டால் பந்து கிடந்தது. அவர் தரையைப் பார்க்காமல் மரத்தைப் பார்த்துக்கொண்டே போனார், ஓரத்தில் வெள்ளையாக வந்தது. பரவாயில்லை. எல்லாம் ஒழுங்குதான். கடைசியாக அடிக்க வேண்டும், அப்போது மற்ற இரண்டு பேரும் சும்மா நின்று பார்ப்பார்கள். கேள்வி கேட்கக் கூடாது, பேச்சுக் கொடுக்க வேண்டும். "எப்படிப் போச்சு?" என்பதற்குப் பதிலாக "தேறுமா?" என்று கேட்க வேண்டும். குழிக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் கொடி இருக்கிறது, கொடியின் நிழல் இருக்கிறது. முதல் குழி முடிந்தது, இரண்டாவதும் முடிந்தது. புல்லில் பனி ஈரம் காலணிக்குள் இறங்கியது, தூரத்தில் எங்கோ மோட்டார் ஓடியது, மயில் ஒன்று கத்தியது. மூன்றாவதுக்குப் போகும் ஏற்றத்தில் தள்ளுவண்டியின் சக்கரம் கிரீச் என்று ஒரே தாளமாகச் சுற்ற, அந்தத் தாளத்தில் அது மறுபடி வந்துவிட்டது. பூங்கோதை, முப்பத்தெட்டு, மூணு வாரமா இருமல். பூங்கோதை, முப்பத்தெட்டு, மூணு வாரமா இருமல்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம். சாப்பிடப் போகும் முன் கடைசிப் படம். அந்தப் பெண்ணை அவர் பார்த்ததில்லை, அவர் வேலையில் யாரையும் பார்ப்பதில்லை, பெயரும் வயசும் நோவும் மட்டும் ஒரு வரியாக வரும், அப்புறம் விலா எலும்புகள். நெஞ்சுப் படம். வலது பக்கம் பார்த்தார், இதயம் பார்த்தார், இதயத்தைப் பார்க்கும்போது ஓரத்தில், இடது பக்கம் மேலே, காலர் எலும்புக்குப் பின்னால் ஏதோ இருந்தாற்போல் இருந்தது. நெல்லிக்காய் அளவுக்கு ஒரு வெளுப்பு. திரும்பி நேரே பார்த்தார். நேரே பார்த்தால் எப்போதும் இருக்கிற மங்கல்தான் இருந்தது. மறுபடி இதயத்தைப் பார்த்தார். இருந்ததா? இந்தத் தடவை இல்லை. அல்லது இருந்தது, லேசாக. இடது கண்ணிலும் புதுப் பொட்டு விழுகிறது என்று நினைத்தார், நினைத்ததும் பயந்துபோனார். அந்தப் பயம் பூங்கோதைக்காக இல்லை, அவருக்காக. அதுதான் இப்போது உறுத்துகிறது. தலையை அசைத்துப் பார்த்திருக்க வேண்டும். கண்ணில் இருக்கிற கறை கண்ணோடு நகரும், படத்தில் இருக்கிற கறை படத்திலேயே நிற்கும். சின்னப் பிள்ளைக்குத் தெரியும். அசைத்தாரா? அசைத்ததாகவும் ஞாபகம் இருக்கிறது, அசைக்காததாகவும் ஞாபகம் இருக்கிறது. ஐந்து நாளாகத் திரும்பத் திரும்ப நினைத்ததில் ஞாபகமே தேய்ந்து போய், இப்போது எது நடந்தது, எது பிறகு சேர்த்தது என்று சொல்ல முடியவில்லை. ஒன்று மட்டும் நிச்சயம். நார்மல் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனார். வத்தக்குழம்பு. "டாக்டர், உங்க முறைங்க" என்றார் சென்னியப்பன்.

அந்த அடி சத்தத்திலேயே சரியில்லை. மட்டையின் நுனியில் பட்டது. இடது பக்கம் புதர் இருக்கிறது, அங்கேதான் போயிருக்க வேண்டும். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, சென்னியப்பன் போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். அப்போது ஹபீப் சொன்னார், "நல்லாத்தான் இருக்கு சார். வாங்க, காட்டறேன்." அவர் முன்னால் நடந்தார். புதரை ஒட்டி நடந்து, ஒரு இடத்தில் நின்று, "இதோ." பந்து நல்ல புல்லில், அடிப்பதற்கென்றே எடுத்து வைத்தாற்போல் கிடந்தது. ஐந்தாவது குழியிலும் அப்படியே. அதுவும் கோணல் அடி, அதுவும் ஹபீப் முன்னால் போனார், அதுவும் நல்ல புல்லில் கிடந்தது. குழிக்குள்ளிருந்து அந்தப் பந்தைக் கையில் எடுத்தபோது இன்பநாதன் அதைக் கன்னத்துக்குப் பக்கமாக, கண்ணோரத்துக்குக் கொண்டுபோனார். அவருடைய பந்துகளில் எல்லாம் ஆஸ்பத்திரி மார்க்கர் பேனாவால் தடித்த கறுப்புக் கோடு இரண்டு போட்டிருக்கும், மருதாசலம் சொன்ன யோசனை அது. உருட்டிப் பார்த்தார். கோடு இல்லை. மறுபடி உருட்டினார். வெள்ளையாக, புதுசாக, பிறத்தியாருடைய பந்து.

ஆக, தெரிந்துவிட்டது. முகம் காதுவரை சுட்டது. தன் பாக்கெட்டிலிருந்து பந்தை நழுவவிட்டு இதோ என்று காட்டுகிற அளவுக்கு அந்த மனிதருக்குத் தெரிந்துவிட்டது. எப்போதிருந்து? சத்தம் போட்டுச் சிரித்தபோதா, அல்லது முதல் பந்துக்கே, நாலு எண்ணியபோதேயா? திருப்பிக் கொடுத்து, இது என்னுடையதில்லை என்று சொல்லலாம். சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். சொல்லாமல் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். தொடையில் அது உருண்டை உருண்டையாக இடித்தது. ஒரு நூறு கெஜம் நடந்த பிறகு, அவமானத்துக்குள்ளிருந்து ஒரு சின்ன ஆறுதல் புழு மாதிரி நெளிந்து வந்தது. இங்கே முன்பின் தெரியாத ஆள் இப்படிச் செய்கிறார் என்றால், ஆஸ்பத்திரியிலும் யாராவது செய்துகொண்டிருக்கக் கூடாதா? ஷர்மிளா இருக்கிறாள். நாலு வருஷமாக அவருக்குக் கீழே வேலை பார்ப்பவள், கெட்டிக்காரி. அவர் கையெழுத்துப் போட்ட படங்களை அவள் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறாளோ என்னவோ. இருக்கும். பூங்கோதையின் படத்தையும் பார்த்திருப்பாள். ஏதாவது இருந்திருந்தால் மறுநாளே வந்து மெல்லச் சொல்லியிருப்பாள். நெஞ்சு கொஞ்சம் இளகியது, மூச்சு ஆழமாக வந்தது, அப்புறம் நின்றது. ஜூன் மாதம். அவள் வந்தாள், ஞாபகம் வருகிறது. அறை வாசலில் நின்றுகொண்டு, "சார், உங்க படத்தையெல்லாம் நான் ஒரு தடவை பார்த்துட்டு அனுப்பட்டுமா? எனக்கும் படிச்ச மாதிரி இருக்கும்" என்றாள். படிச்ச மாதிரி இருக்கும் என்று எவ்வளவு நாசூக்காகச் சொன்னாள். அவர் என்ன சொன்னார்? "நீ பிறக்கிறதுக்கு முன்னாலேருந்து நான் படம் பார்க்கறேன்." டெக்னீஷியன்கள் இரண்டு பேர் அங்கே இருந்தார்கள். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. பூங்கோதையின் படத்துக்குப் பின்னால் யாரும் இல்லை. அவர் மட்டும்தான்.

ஆறாவது குழிக்கு மேட்டிலிருந்து அடிக்க வேண்டும். கீழே பச்சை அகலமாக விரிந்து தூரத்தில் கொடியில் முடியும். சென்னியப்பன் அடித்தார். ஹபீப் அடித்தார். இன்பநாதன் பந்தை வைத்துவிட்டு நிமிர்ந்து எதிரே பார்த்தார். பச்சை. காலியான பச்சை. சொல்லப்போனால் இன்றைக்கு அவர் பார்த்ததிலேயே அமைதியான இடம் அதுதான், நடுவில் வழக்கமான மங்கல், சுற்றிலும் புல், வெயில் இப்போதுதான் ஏறுகிறது. இன்னொரு தடவை பார்த்தார், பழக்கம், முன்னால் ஆள் இருக்கிறதா என்று பார்க்காமல் அடிக்கக் கூடாது. நன்றாக, நேராக, இரண்டு மூச்சு நேரம் பார்த்தார். யாரும் இல்லை. சென்னியப்பன் குனிந்து காலணிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார், ஹபீப் வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தார். நாளைக்குக் காலையில் போனதும் அந்தப் படத்தை எடுக்கச் சொல்லலாம், சும்மா ஒரு சந்தேகம் என்று சொல்லலாம், பூங்கோதை, முப்பத்தெட்டு, மட்டை பின்னால் போயிற்று, மேலே போயிற்று, இறங்கியது. சத்தம் அருமையாக இருந்தது. வருஷக்கணக்கில் இப்படி ஒரு சத்தம் கேட்டதில்லை. "ஐயோ! ஏய்! தள்ளு! தள்ளிக்க!" என்று சென்னியப்பன் அலறினார், அப்புறம் கீழேயிருந்து ஒரு பெண் குரல், அம்மா என்றும் இல்லாமல் ஐயோ என்றும் இல்லாமல், காற்று வெளியேறுகிற மாதிரி ஒரு சத்தம்.

அவர் ஓடினார். பதினைந்து வருஷத்தில் ஓடியதில்லை. எதை நோக்கி ஓடுகிறோம் என்று தெரியாமல் சென்னியப்பனின் சட்டை நிறத்தின் பின்னால் ஓடினார். பூட்ஸ் வழுக்கியது, ஒரு கை அவர் முழங்கையைப் பிடித்தது, ஹபீப். புல்லில் களை பிடுங்குகிற பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் சாக்குப்பை கவிழ்ந்து கோரைப்புல் சிதறியிருந்தது. மயிலாத்தாள் என்று பெயர் சொன்னாள். ஐம்பது வயசு இருக்கலாம், குரல் அப்படி இருந்தது. தோளுக்குக் கீழே கை புடைத்துக்கொண்டு வந்தது. இன்பநாதன் முட்டி போட்டு உட்கார்ந்து விரல்களால் எலும்பைத் தடவிப் பார்த்தார். மேலிருந்து கீழாக, மெல்ல. முறியவில்லை. விரலை மடக்கச் சொன்னார், மடக்கினாள். ஒரு சாண் மேலே பட்டிருந்தால் நெற்றிப்பொட்டு. அந்த ஒரு சாணை அவர் அளந்துகொண்டே இருந்தார். "ஒண்ணுமில்லீங்க, வுடுங்க சாமி" என்றாள் அவள். "ஆத்தா, எதுக்குடி நடுவுல நின்ன? சத்தம் கேக்குலியா?" என்று சென்னியப்பன் கத்தினார், பயத்தில் கத்துகிற கத்தல். அவள் அவருக்குப் பதில் சொல்லவில்லை. இன்பநாதனைப் பார்த்துத்தான் சொன்னாள், குற்றம் சாட்டுகிற மாதிரிகூட இல்லை, புரியாமல் கேட்கிற மாதிரி. "நானு அவிக ரெண்டு பேரும் அடிச்சப்புறந்தானுங்க நடுவுக்கு வந்தேன், எந்திரிச்சுத் தள்ளிப் போலாம்னுதான் பாத்தேன். இவிக என்னையவே பாத்தாங்க. நல்லா நேராப் பாத்தாங்க. ரெண்டு தடவை பாத்தாங்க. சரி, பாத்துட்டாங்க, அடிக்க மாட்டாங்கன்னு குனிஞ்சு புல்லைப் புடுங்குனனுங்க." அவர் முகத்துக்குக் கொஞ்சம் கிட்டே வந்தாள். "பாத்தீங்கல்ல?"

மயில் கத்தியது. இன்பநாதன் அவள் முகத்தை நேரே பார்த்தார். முக்காட்டுத் துண்டு இருந்தது, காதில் தோடு இருந்தது, நடுவில் ஒன்றும் இல்லை. "பார்க்கலைம்மா" என்றார். "எனக்கு உன்னைத் தெரியலை. எனக்குக் கண்ணு தெரியாது." எட்டு மாதத்தில் முதல் தடவையாக அதைச் சொன்னார். சொல்வதற்கு இவ்வளவு சின்னதாகவா இருந்தது? அவள், "அட பாவமே" என்றாள், அடிபட்ட கையை மறு கையால் பிடித்துக்கொண்டு. "அப்பறம் எதுக்குங்க சாமி வெளையாட வந்தீங்க?" சென்னியப்பன் அவளைத் தன் காரில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். கையை ஒரு படம் எடுத்துப் பார்த்துவிடச் சொல்லி இன்பநாதன் இரண்டு தடவை சொன்னார். படம் வேறு யாராவது பார்க்கட்டும் என்று மூன்றாவது தடவை சொன்னார்.

ஹபீப் அவரோடு நின்றார். "மூணாவது குழியிலேயே எனக்குத் தெரியும் சார்" என்றார். "தோல் வாங்குற ஆள் நான். எதிரே நிக்கிறவர் தோலைப் பார்க்கிறாரா, பார்க்கிற மாதிரி நிக்கிறாரான்னு கவனிக்கிறதுதான் முப்பது வருஷமா வேலை. சொல்லியிருக்கணும். மரியாதைன்னு நினைச்சுட்டேன்." இன்பநாதன் பாக்கெட்டில் கைவிட்டு அந்தப் பந்தை எடுத்துக் கொடுத்தார். ஹபீப் வாங்கிக்கொண்டார். "எனக்கு ஒரு போன் போட்டுத் தர முடியுமா?" என்று இன்பநாதன் கேட்டார். "ஷர்மிளான்னு இருக்கும்."

ஞாயிற்றுக்கிழமை டியூட்டி அவளுக்குத்தான். "சார்? ஏதாவது எமர்ஜென்சியா?" என்றாள். "செவ்வாய்க்கிழமை நெஞ்சுப் படம் ஒண்ணு. பூங்கோதை, முப்பத்தெட்டு வயசு. எடு." விசைகள் தட்டுகிற சத்தம், அந்த அறையின் ஏசி சத்தம். அங்கே நாற்காலி எங்கே இருக்கும், ஜன்னல் எங்கே இருக்கும் என்று அவருக்குத் தெரியும். "இருக்கு சார். நார்மல்னு உங்க ரிப்போர்ட்..." "ரிப்போர்ட்டைப் படிக்காதே. படத்தைப் பார்." மௌனம். நீளமான மௌனம். நல்ல படமாக இருந்தால் அவ்வளவு நேரம் ஆகாது, அதுவும் அவருக்குத் தெரியும். "சார்" என்றாள், குரல் மாறியிருந்தது. "இடது பக்கம் மேலே, காலர் எலும்புக்குப் பின்னால ஒண்ணு இருக்கு. ரெண்டு சென்டிமீட்டர் இருக்கும்." "தலையை அசைச்சுப் பாரு. அது அங்கேயேதான் நிக்குதா?" "அங்கேயேதான் சார் இருக்கு" என்றாள். பிறகு, "அது ஏன் சார் நகரணும்?" இன்பநாதன் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டார். "எனக்கு நடுப்பார்வை போயிடுச்சு ஷர்மிளா. பிப்ரவரியிலிருந்து." அந்தப் பக்கம் அவள் மூச்சு விடுவது கேட்டது. "சந்தேகமா இருந்துச்சு சார்" என்றாள். "ஜூன்ல கேட்டேன். நீங்க கோவிச்சுக்கிட்டீங்க. அப்புறம் எனக்குத் தைரியம் வரலை." அவள் அழுகிறாளோ? "என் தப்பு, உன் தப்பு இல்லை" என்றார். பிப்ரவரியிலிருந்து தான் கையெழுத்துப் போட்ட எல்லாப் படத்தையும் வெளியே எடுக்க வேண்டும், டீனுக்கு இன்றைக்கே போன் செய்கிறேன், வேறு ஆட்களை வைத்து ஒவ்வொன்றாகத் திரும்பப் பார்க்க வேண்டும் என்றார். எத்தனை இருக்கும் என்று கேட்டார். விசைச் சத்தம். "நாலாயிரத்து முந்நூறு சொச்சம் சார்." நாலாயிரத்து முந்நூறு பேர் எதிரே பச்சையில் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். "அந்தப் பெண்ணோட நம்பர் மட்டும் எனக்கு அனுப்பு" என்றார். "நான் பேசட்டுமா சார்?" "வேண்டாம். நான்தான் பேசணும்."

ஹபீப்பின் காரில் உட்கார்ந்தபோது மணி எட்டரை. வீட்டில் ரெஜினா இன்னும் சர்ச்சுக்குக் கிளம்பியிருக்க மாட்டாள். அவளிடம் சொல்ல வேண்டும், அதற்குள் டீனிடம் சொல்ல வேண்டும், எது முதலில் என்று மனசு ஓடியது, மயிலாத்தாளின் புடைத்த கையில் வந்து இடித்துக்கொண்டது, மறுபடி ஓடியது. நாளையிலிருந்து காலை எட்டு மணிக்கு என்ன செய்வது? திங்கட்கிழமை எட்டு மணி, செவ்வாய்க்கிழமை எட்டு மணி. இருட்டாயிடாது சார் என்றாளே அந்தத் திருச்சிப் பெண். இருட்டாகியிருந்தால் பிப்ரவரியிலேயே எல்லாருக்கும் தெரிந்திருக்கும். ஹபீப் ஷர்மிளா அனுப்பிய நம்பரைப் போட்டு, போனை அவர் கையில் கொடுத்துவிட்டு, காரை விட்டு இறங்கிக் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுகொண்டார். மணி அடித்தது. நாலு எண்ணினார், ஐந்து எண்ணினார். எடுக்காமலே போய்விட்டால் நன்றாக இருக்கும் என்று நினைத்தார், நினைத்ததற்காகத் தன்னையே வெறுத்தார். எடுத்துவிட்டார்கள். "ஆரு?" ஒரு பெண் குரல், பின்னால் டி.வி. சத்தம். "பூங்கோதைங்களா?" "ஆமாங்க, பூங்கோதைதானுங்க." "ஆஸ்பத்திரியிலிருந்து பேசறேன்மா. டாக்டர் இன்பநாதன்." "ஓ, வணக்கமுங்க!" குரலில் சிரிப்பு ஏறியது. "ரிப்போர்ட்டு நல்லா வந்துருச்சுன்னு சொன்னாங்கல்லங்க. ரொம்பப் பயந்து கெடந்தனுங்க, எங்கம்மாவுக்கு இருமித்தான் புத்துநோய்னு ஆயிப் போச்சு. நேத்துத்தான் பழனிக்குப் போயி முடி எறக்கிட்டு வந்தமுங்க, நானு, அவரு, பசங்க ரெண்டும், நாலு பேருமே மொட்டை." இருமினாள். வறண்ட இருமல், இரண்டு தடவை, பிறகு தொண்டையைச் செருமினாள். "இந்த இருமல் மட்டும் இன்னும் நிக்கலீங்க. மருந்து மாத்தணுமுங்களா?" இன்பநாதன் வாயைத் திறந்தார். "அம்மா, அந்த ரிப்போர்ட்டை எழுதினது நான்தான்" என்றார். "என்னங்க? கேக்குலீங்க. இருங்க, இந்த டி.வி. வேற... டேய், அதைக் கொஞ்சம் கொறைடா, டாக்டர் பேசறாரு." டி.வி. சத்தம் அடங்கியது. அந்த வீடு முழுக்க அமைதியாயிற்று, பிள்ளைகளின் பேச்சுகூட நின்றது. "இப்பச் சொல்லுங்க டாக்டர்" என்றாள் பூங்கோதை. "நல்லாக் கேக்குது."

அவர் சொல்லத் தொடங்கினார்.